சின்னா தலை குனிந்த மதியம்

எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து வாசலில் கட்டுகிறவனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். நாச்சாரத்தில் என் ஷெட்டுக்கு எதிரே ஒரு புளியமரம் நின்றது. அதில் என்னவோ இருக்கிறது என்று பக்கத்து யூனிட்காரர்கள் அதன் நிழலில் சைக்கிள்கூட நிறுத்த மாட்டார்கள். நான் அதே மரத்தடியில் கட்டில் போட்டு இரண்டு வருஷம் தூங்கியவன். கொசு கடித்தது, வேறு எதுவும் என் பக்கத்தில் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும், பாவம் பெரியவருக்கு வயசாகிவிட்டது என்று நீங்கள் நினைக்கக் கூடாது. நினைத்தாலும் பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான்.

என் பெயர் குப்புசாமி. அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து வந்து ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தவர், நான் பிறந்து வளர்ந்தது மெட்டுகுடா குவார்ட்டர்ஸில். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் பாஸா பெயிலா என்று பார்க்கப் போகவில்லை. பதினான்கு வயதில் மல்லாபூரில் ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரியில் தரை கூட்டச் சேர்ந்தேன், முப்பத்திரண்டு வயதில் நாச்சாரத்தில் சொந்தமாக இரண்டு மோல்டிங் மிஷின் போட்டேன். இன்ஜினியர் ட்ராயிங்கை விரித்து வைத்து அரை நாள் யோசிப்பான். நான் அச்சை ஒரு தடவு தடவிப் பார்த்து, பீஸ் எங்கே ஒட்டும், எங்கே குழி விழும் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, நாச்சாரத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மோல்டிங் ஷெட்டுக்குள் நீங்கள் நின்றிருக்கிறீர்களா? பம்பு ஒரு பக்கம் அலறும், கழிவுத் துண்டுகளை அரைக்கிற கிரைண்டர் ஒரு பக்கம் பல்லைக் கடிக்கும். அங்கே வாயால் பேசிப் பிரயோஜனம் இல்லை. எல்லாம் கைதான். உள்ளங்கையைக் குவித்தால் மூட்டை கொண்டு வா, முஷ்டியை உயர்த்தினால் மிஷினை நிறுத்து, விரல்களை வாயருகே கொண்டுபோனால் சாப்பாட்டு நேரம். முப்பது வருஷம் இப்படியே இருந்தால் என்ன ஆகும்? வீட்டிலும் கை தானாகப் பேசும். "வா" என்று வாய் சொல்வதற்கு முன்னால் கை கூப்பிட்டுவிடும். எனக்கே தெரியாது.

என் மனைவி சரோஜா தினமும் மதியம் ஒரு மணிக்கு டிபன் கேரியரோடு வருவாள். ஷட்டருக்கு வெளியே நின்று கேரியரின் கைப்பிடியால் தட்டுவாள். முதலில் ஒன்று, கொஞ்சம் இடைவெளி, பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு. டக்... டக்டக். ஷட்டர் பக்கம் நிற்கிற ஆள் கேட்டு எனக்குக் கை காட்டுவான், நான் எழுந்து போவேன். "உனுக்குக் காது போயிடுச்சுய்யா, ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் என்னை வாசல்லயே நிக்க வைக்கப் போற" என்பாள். நான் சிரிப்பேன். "சிரிக்கிறத பாரு. எதுக்கு சிரிக்கிற? ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்றேன்" என்பாள். "நக்கோ, நக்கோ" என்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுச் சோற்றில் கை வைப்பேன். எனக்காவது, காது போவதாவது.

அவள் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் கழித்துத்தான் பேத்தி பிறந்தாள். நித்யா. என் மகன் முரளிக்கு ஹைடெக் சிட்டி பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அந்தப் பக்கமெல்லாம் பாறையை உடைத்து உடைத்துக் கண்ணாடிக் கட்டிடம் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. குழந்தைக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. முரளியும் மருமகள் ரேவதியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை, ஆபரேஷன் செய்து காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு கருவி வைக்க வேண்டும், வெளியே ஒரு மிஷின் மாட்ட வேண்டும், வயது ஏற ஏறப் பேச்சு பிடிபடாது, சீக்கிரம் செய்யுங்கள் என்றார் டாக்டர்.

நான் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"எம் பேத்திக்கா காது கேக்கலை? இப்ப பாரு" என்று நித்யாவைக் கூப்பிட்டேன். ஓடி வந்தாள். "போ, தாத்தா கண்ணாடிய எடுத்துட்டு வா" என்றேன். எடுத்து வந்தாள்! "ஆங், பாத்தியா? டாக்டர் பெருசா, நான் பெருசா?" முரளி தலையைக் குனிந்துகொண்டான். என் பேச்சைத் தாண்டி எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் நகராது. ரேவதி மட்டும், "மாமா, நீங்க கையைக் கட்டிட்டுக் கூப்பிடுங்க" என்றாள். என்னமோ என்னைக் குற்றவாளி மாதிரி கையைக் கட்டச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்து, இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கையைக் கட்டியும் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிரபு என்று ஒரு கோயம்புத்தூர் பையன் என்னைத் தேடி வந்தான். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, பொம்மை ரோபோ செய்து விற்கப் போகிறானாம். அதன் உடம்பை நான் மோல்டு செய்து தர வேண்டும். ஒரு முழ உயரம், உருண்டைத் தலை, காலுக்கு அடியில் சக்கரம். சென்ஸார், சென்ஸார் என்று ஆயிரம் தடவை சொன்னான். கிட்டே ஏதாவது சத்தம் கேட்டால் அதன் நெஞ்சில் மூன்று சிவப்பு விளக்கு எரியும். சத்தம் தொடர்ந்து வந்தால் அந்தத் திசையில் நகர்ந்து போகும். எதிரே ஏதாவது இருந்தால் முட்டாமல் நின்றுவிடும். தலையைத் தடவினால் தலை குனியும். அந்தத் தலைக்கு உள்ளே இருக்கிற சுவிட்சுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று பிரபுவுக்குப் பிடிபடாமல், ராத்திரி பகல் பாராமல் அரம் போட்டு அரம் போட்டுச் சரி செய்தவன் நான். காற்றுக்கோ ஆட்டத்துக்கோ அது வேலை செய்யாது, ஒரு குழந்தையின் உள்ளங்கை எடையாவது வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பீஸ் வந்ததும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்றான். வொர்க்கர்களின் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வந்தார்கள், கூடவே நித்யா. அடடா, அந்தப் பிள்ளைகள் செய்த கூத்து! அதற்கு உடனே "சின்னா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருவன் அதன் முகத்துக்கு நேரே போய், "ஏய் சின்னா, இக்கட ரா!" என்று, இங்கே வா என்று கத்துகிறான். ஒருத்தி அதன் வாயில் பிஸ்கெட்டைத் திணிக்கிறாள். இன்னொருத்தி அது நின்றுவிட்டதும், "வாடு அலிகாடு" என்று, அதாவது கோபித்துக்கொண்டான் என்று சொல்லித் தலையைத் தடவிச் சமாதானம் செய்கிறாள். பிரபு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தான். "பட்டன் எங்கன்னு ஒருத்தர்கூடக் கேக்கலீங்க ஐயா, உசுருள்ளதாவே நெனச்சுக்கிட்டாங்க" என்றான்.

நித்யா மட்டும் கத்தவும் இல்லை, தடவவும் இல்லை. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அதன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தரையை ஒரு தட்டுத் தட்டினாள். விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினாள். எரிந்தது. திரும்பி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், அப்போதே அந்தப் பீஸை அவளுக்கென்று வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அவள் செய்ததைக் கேளுங்கள். சாமான்களை ஒவ்வொன்றாகச் சின்னாவின் முன்னால் கீழே போடுவாள். டம்ளர், சாவிக்கொத்து, கரண்டி: விளக்கு எரியும், அதெல்லாம் ஒரு குவியல். துண்டு, தலையணை, பஞ்சு: எரியாது, அது இன்னொரு குவியல். நாள் முழுக்க இதே விளையாட்டு. நான் கெட்டிக்காரி என்று கொண்டாடினேன். ரேவதி சமையலறை வாசலில் நின்று இரண்டு குவியலையும் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு மாதத்தில் இன்னொரு அதிசயம். வாசல் பெல் அடித்தால் நித்யாதான் முதலில் ஓடுவாள்! ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முரளி வாங்கி வைத்திருந்த தேதியை நானே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெல் சத்தம் கேட்கிற குழந்தைக்கு மண்டையில் கத்தி எதற்கு? அன்றைக்கு ரேவதி சாப்பிடவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் போச்சுன்னா அவளால பேசவே முடியாது மாமா. அப்ப யார கேக்கறது?" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரம் நாச்சாரத்தில் பவர் ஹாலிடே. வாரத்தில் ஒரு நாள் ஃபேக்டரிகளுக்குக் கரண்ட் கிடையாது. வொர்க்கர்கள் வரவில்லை. நான் ஓர் அச்சைச் சுத்தம் செய்யலாம் என்று போனேன், நித்யாவும் சின்னாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். ஷட்டரை இறக்கி, அதில் இருக்கிற சின்னக் கதவை மட்டும் சாத்தி வைத்திருந்தேன். வெளியே கேட்டில் வாட்ச்மேன் யாதய்யா. பாம்புச் செவி அவனுக்கு, தெருமுனையில் லாரி திரும்பினால் என் லாரியா அடுத்தவன் லாரியா என்று சொல்வான்.

நித்யா மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். சின்னா தரையில் நின்றது. ஜன்னல் வழியாக நல்ல வெயில். திடீரென்று நித்யா குதித்து இறங்கி ஷட்டரிடம் ஓடினாள். கதவைத் திற என்று எனக்குக் கை காட்டினாள். போய்த் திறந்தேன். யாரும் இல்லை.

"யாதய்யா, யார் வந்தாங்க?"

"எவரூ ராலேது சார்."

"தட்டற சத்தம் கேட்டுச்சா?"

"ஏமீ லேது சார். பிட்ட கூட அரவலேது" என்றான். யாரும் வரவில்லையாம், ஒரு குருவிகூடக் கத்தவில்லையாம்.

திரும்பி வந்து அச்சைக் கையில் எடுத்தேன். நித்யா மறுபடி ஓடினாள். இந்தத் தடவை நான் சின்னாவைப் பார்த்துவிட்டேன். நெஞ்சில் விளக்கு எரிந்து அணைந்தது. ஒரு இடைவெளி. பிறகு சேர்ந்தாற்போல் இரண்டு தடவை.

கையில் இருந்த பிரஷ் கீழே விழுந்தது. பிரஷ் விழுந்ததற்கும் விளக்கு எரிந்தது, ஒரே தடவை. பிறகு மறுபடி, ஒன்று... ஒன்றும் ஒன்றும்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். சரோஜா செத்தது வீட்டில் இல்லை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவசர டெலிவரி என்று நான் மட்டும் கிரைண்டரை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷட்டர் பக்கம் நின்று எனக்குக் கை காட்ட ஆள் இல்லை. ரொம்ப நேரம் தட்டினாள் என்று பக்கத்து யூனிட் ஆள் பிறகு சொன்னான். இரண்டு மணிக்குப் பசி தாங்காமல் நான் கதவைத் திறந்தபோது ஷட்டரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் கேரியர். மார்வலி. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஊருக்கு நான் சொன்னது, வழியில் விழுந்துவிட்டாள் என்று.

நம்பினால் நம்புங்கள். அந்தச் சின்னக் கதவைத் திறந்து தலையை முழுதாக வெளியே நீட்டினேன். ஷட்டருக்கு முன்னால் வெறும் வெயில், தரையில் ஒரு காய்ந்த இலைகூட இல்லை. யாதய்யா அங்கிருந்து என்னைப் பார்க்கிறான். என் தலை வெளியே, ஒரு கை உள்ளே, ஷட்டர் தகட்டின்மேல் விரித்து வைத்திருக்கிறேன். காதுக்கு எதுவும் எட்டவில்லை. ஆனால் மிஷின் ஓடுகிற ஓட்டத்தைக் கையால் தொட்டே படிக்கிறவன் நான், இந்தக் கை பொய் சொல்லாது. தகட்டில் அதிர்ந்தது. டக்... டக்டக். என் கைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கை, நித்யாவும் உள்ளங்கையை வைத்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

தலையை உள்ளே இழுத்துத் திரும்பினேன். சின்னா நகர்ந்து வந்துகொண்டிருந்தது, நெஞ்சு விட்டுவிட்டு எரிய. வந்தது, ஷட்டருக்கு ஓர் அடி முன்னால் நின்றது. எனக்கும் நித்யாவுக்கும் அதற்கும் நடுவே இரண்டு கை தூரம் இருக்கும். முட்டுகிற மாதிரி எதிரே ஒன்றும் இல்லை. நின்ற இடத்தில், மெதுவாக, அது தலை குனிந்தது.

பிறகு அது நிமிர்ந்தது, விளக்கு அணைந்தது, அதற்குப் பிறகு எரியவில்லை. அப்போதுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. சத்தம் எனக்கும் கேட்கவில்லை. நித்யா எதைக் கண்டு ஓடினாள்? விளக்கைக் கண்டு. வீட்டிலும் அப்படித்தானே, சின்னா எப்போதும் வாசல் பக்கம்தானே நிற்கும்!

சின்னாவின் சுவிட்சை அணைத்து மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். நித்யா எனக்கு முதுகைக் காட்டி மூட்டைமேல் ஏறிக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். "நித்யா" என்றேன். "அம்மா நித்யா" என்று கத்தினேன். திரும்பவில்லை. ஸ்பேனரை எடுத்து இரும்பு டிரம்மில் ஓங்கி ஓங்கி அடித்தேன், எனக்கே காது ரீங்கரித்தது. அந்தக் குழந்தை மூட்டைப் பிரியில் விரலை நுழைத்து விளையாடிக்கொண்டிருந்தது. தோளை யாரோ தொட்டார்கள், அலறிவிட்டேன். யாதய்யா. எத்தனையோ தடவை கூப்பிட்டானாம், என்ன சத்தம் சார், என்ன ஆச்சு சார் என்று. நான் திரும்பவே இல்லையாம்.

சாயந்திரம் ரேவதி வேலையிலிருந்து வந்ததும் அவள் எதிரே போய் நின்றேன். மாமனார் மருமகளிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. "அந்தத் தேதிய மறுபடி வாங்கும்மா. கெடைக்கற முதல் தேதியாவே வாங்கு" என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள்.

முரளி, "என்னப்பா ஆச்சு?" என்றான்.

"கையைக் கட்டிட்டுக் கூப்ட்டுப் பாத்தேன்டா" என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. வெளி மிஷினை மாட்டி முதன்முதலாக ஓடவிட்ட அன்று நித்யா பயந்து அழுதாள், நாங்களும் அழுதோம். பேச்சுக்குப் பயிற்சி கொடுத்துக் கொடுத்து ரேவதி பாதியாக இளைத்துப் போனாள். இன்றைக்கு நித்யா மூன்று பாஷையில் என்னை எதிர்த்துப் பேசுகிறாள், அதில் தெலுங்கில்தான் வேகம் அதிகம். பிரபுவிடம் அந்த மதியத்தைப் பற்றிச் சொன்னேன், சரோஜாவை விட்டுவிட்டு. வெயில் பட்டால் சென்ஸார் ஏமாறும் ஐயா, தகடு சூட்டில் விரிந்தால் டக் என்று அடிக்கும், தலை சுவிட்ச் லூஸ் காண்டாக்டாக இருக்கும் என்றான். வெயிலுக்குத் தகடு விரியும், சரி. ஒன்று, பிறகு இரண்டு என்று எண்ணியா விரியும்? தலை சுவிட்சைப் பற்றி என்னிடமே சொல்கிறான்! பிரித்துக் காட்டினேன், காண்டாக்ட் கல் மாதிரி இருந்தது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

சின்னா இப்போது இல்லை. பேட்டரி கசிந்து உள்ளே எல்லாம் அரித்து, ஒரு தடவை வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. சரோஜா எப்படி வருவாள், எப்படித் தட்டுவாள் என்று நித்யாவிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை, முரளியும் சொன்னதில்லை, கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நித்யா தலைக்குக் குளித்துவிட்டு, முடி உலரும்வரை காது மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவாள். அது இல்லாவிட்டால் பக்கத்தில் வெடி வெடித்தாலும் அவளுக்குத் தெரியாது. சில ஞாயிறுகளில், எல்லா ஞாயிறும் இல்லை, ஒரு மணிக்குப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய் வாசல் கதவைத் திறக்கிறாள். வாசலில் யாரும் இருப்பதில்லை. அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, கண்ணை மூடி, மெதுவாகத் தலை குனிகிறாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து புத்தகத்தை எடுத்துக்கொள்கிறாள். ஒரு தடவை, யாரும்மா என்று கையால் கேட்டேன். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள். சாப்பாட்டு நேரம்.

எனக்கும் இப்போது இரண்டு காதிலும் மிஷின் இருக்கிறது. சாதாரண மிஷின் இல்லை, முரளி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது, அடுத்த வீட்டில் டம்ளர் விழுந்தால்கூட எனக்குக் கேட்கிறது. ஒரு மணி ஆனதும் அதைக் கடைசி அளவுவரை கூட்டி வைத்துக்கொண்டு வாசலுக்கு நேராக உட்கார்ந்திருக்கிறேன். நித்யா எழுந்து போகிறாள், கதவைத் திறக்கிறாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.